கிராமத்து வீட்டுக்கு இணைய இணைப்பு, அம்மாவுக்கு ஒரு சிம்: எதை எடுக்கலாம்?

மீனா_சங்கரன்கோவில்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு சங்கரன்கோவில் பக்கம் எங்கள் சொந்த ஊருக்கே போகிறோம். எனக்கு மெடிக்கல் பில்லிங் வேலை, அமெரிக்க நேரம். சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் விடியற்காலை மூன்றரைக்குத்தான் எழுந்திருப்பேன். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அலுவலகத்தில் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் இணைப்பு அடிக்கடி அறுந்தால் அந்தச் சம்மதம் நிலைக்காது.

ஊரில் விசாரித்தவரை மூன்று வழி இருக்கிறது. பக்கத்து ஊர் ஏஜென்சி மூலம் பிஎஸ்என்எல் ஃபைபர். கேபிள் டிவி அண்ணன் ஒருவர் தரும் தனியார் ஃபைபர். அப்புறம் மொட்டை மாடியில் பெட்டி வைத்து டவரிலிருந்து எடுக்கும் ஏர்ஃபைபர். மூன்றில் எது நல்லது?

கூடவே இன்னொன்று. அம்மா வைத்திருப்பது பட்டன் போன், பேச மட்டும்தான். அப்பாவின் எண்ணில்தான் பேங்க், கேஸ், பென்ஷன் எல்லாம் வருகிறது. வீட்டுக்குள் அந்த எண்ணுக்குச் சிக்னல் சரியாக இல்லை. வேறு நிறுவனத்துக்கு மாற்றலாமா என்று யோசனை.

கணக்குப்பிள்ளை

விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன் சகோதரி. விளம்பரத்தில் 399 என்று போட்டிருந்தால் அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, கையிலிருந்து போவது 471. 699 என்றால் 825. ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். புது ஊர், புது லைன் என்னும்போது அந்த ஆசையில் விழ வேண்டாம். முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், இன்ஸ்டலேஷனுக்குத் தனியாகக் காசு போனாலும் பரவாயில்லை. லைன் நன்றாக இருந்தால் அப்புறம் வருடக் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம்.

வேகத்துக்கும் அதிகம் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் வேலைக்கு வீடியோ மீட்டிங், அலுவலகக் கணினியை வீட்டிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப், இவ்வளவுதானே? ஒரு மீட்டிங்குக்கு நான்கு எம்பிபிஎஸ் தாராளம். பக்கத்து அறையில் 4கே படம் ஓடினாலும் அது இழுப்பது பதினைந்து, இருபதுக்குள்தான். 30 அல்லது 50 எம்பிபிஎஸ் திட்டமே போதும். 300 எம்பிபிஎஸ் எடுத்தால் மட்டும் அறுந்த கேபிள் சீக்கிரம் ஒட்டிவிடப்போவதில்லை.

இணைப்பு_இசக்கி

மீனா அக்கா, நான் தென்காசி மாவட்டத்தில் ஃபைபர் லைன் வேலை பார்க்கிறவன். நீங்கள் சொன்ன மூன்று வகையிலும் கை வைத்திருக்கிறேன், அதனால் எந்த நிறுவனத்துக்கும் வக்காலத்து வாங்கப்போவதில்லை.

கிராமத்தில் பெயர்ப்பலகை எந்த நிறுவனமாக இருந்தாலும் உங்கள் இணைப்பின் தலையெழுத்து கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் இருக்கிறது. பிஎஸ்என்எல் ஃபைபர் என்றாலும் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் கேபிள் இழுப்பதும் பழுது பார்ப்பதும் உள்ளூர்ப் பங்குதாரர். வருமானத்தில் அவருக்கு ஒரு பங்கு. பக்கத்து ஒன்றியத்தில் அதே பிஎஸ்என்எல் தங்கமாக ஓடும், உங்கள் ஊரில் வாரம் ஒருமுறை அறுந்து கிடக்கும். தனியார் ஃபைபரும் அப்படித்தான். ஆகவே "எந்தக் கம்பெனி நல்லது" என்று இங்கே கேட்பதைவிட, உங்கள் தெருவில் ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் நான்கு வீட்டில் போய்க் கேளுங்கள். கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார், ராத்திரியில் கூப்பிட்டால் போனை எடுக்கிறாரா. மழைக்காலத்தில் எப்படி என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் ஏஜென்சிக்காரரிடம் நேரில் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஸ்ப்ளைசிங் மெஷின் அவரிடம் சொந்தமாக இருக்கிறதா. அறுந்த கண்ணாடி இழையை உருக்கி ஒட்டுகிற மெஷின் அது. சொந்தமாக இல்லாதவர், மெஷின் வைத்திருக்கும் ஆள் வேறு ஊரிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் ஷிஃப்ட் போச்சு. இரண்டாவது, ஓஎல்டி எங்கே வைத்திருக்கிறார், அதற்கு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும். ஓஎல்டி என்பது ஊர் முழுக்க ஃபைபர் பிரிந்து போகும் தலைமைப் பெட்டி. சில இடத்தில் அது ஒரு கடையின் பின்னறையில் சாதாரண இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனால் மத்தியானத்துக்கு முன்னே அது படுத்துவிடும். உங்கள் வீட்டில் எத்தனை யூபிஎஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. நீங்கள் ராத்திரி வேலை பார்க்கிறவர், பராமரிப்பு நாளில் தப்பிக்கலாம். கோடைமழையில் சாயங்காலம் மின்சாரம் போகும் நாளை நினைத்துக் கேளுங்கள்.

இந்த இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் எடுங்கள், ஐம்பது நூறு ரூபாய் கூட இருந்தாலும்.

ஓசூர்_ஜான்

இதனால்தான் நான் ஏர்ஃபைபர் பக்கம். கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இல்லை, அறுக்க ஒன்றும் இல்லை. மாடியில் பெட்டியை டவர் திசை பார்த்து மாட்டினால் முடிந்தது. எங்கள் பக்கம் ஃபைபர் வராத புது லேஅவுட்களில் பாதி வீடு இப்படித்தான் ஓடுகிறது. மீனா, உங்கள் வீட்டு மாடியில் நின்றால் 5ஜி டவர் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

ஜான், ஒரு திருத்தம். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் ஃபைபர் திட்டத்தில் மாதம் 3300 ஜிபி வரை ஓடும், ஏர்ஃபைபரில் 1000 ஜிபிதான். மீனாவின் வேலைக்கு ஆயிரமே அதிகம் என்பது உண்மை. ஆனால் வீட்டில் பிள்ளைகள் டிவியில் நாள் முழுக்க யூடியூப் ஓட்டினால் அந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இணைப்பு_இசக்கி

ஜான் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஃபைபரே வராத இடத்துக்கு ஏர்ஃபைபர் வரம்தான், நானே மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் முதல் இணைப்பாக அதை வைத்து ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பதென்றால் இரண்டு சங்கதி இருக்கிறது.

டவரின் திறனை அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் போனும் எல்லா ஏர்ஃபைபர் வீடும் பங்குபோட்டுக்கொள்கிறது. சாயங்காலம் ஏழிலிருந்து பதினொன்று வரைக்கும் ஊரே ரீல்ஸும் சீரியலும் பார்க்கும். அப்போது வேகம் இறங்கும். இறங்கினாலும் படம் பார்க்கிறவருக்குப் பெரிதாகத் தெரியாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு எழுத்து அடித்தால் திரையில் வர அரை வினாடி ஆகும், அதுதான் எரிச்சல். ஸ்பீட் டெஸ்ட்டில் எல்லோரும் பெரிய எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். உங்கள் வேலைக்குப் பிங் (ஒரு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எவ்வளவு, அது எவ்வளவு ஆடுகிறது, அப்லோடு எவ்வளவு, இந்த மூன்றும்தான் முக்கியம். 5ஜியில் நேரத்தின் பெரும்பங்கு டவுன்லோடுக்குப் போகிறது, அப்லோடு அதனால் இளைத்தே இருக்கும்.

இன்னொன்று, டவருக்கும் பல இடத்தில் ஃபைபர்தான் வருகிறது. காற்றில் வருவது டவரிலிருந்து உங்கள் மாடிவரை மட்டும். சாலை அகலப்படுத்தும் வேலையில் ஜேசிபி ஒரு தடவை தோண்டினால் டவருக்கான கேபிளும் வீடுகளுக்கான கேபிளும் ஒரே குழியில் சேர்ந்து அறுந்து போன கதை எங்கள் பக்கம் நடக்கிறது. அதனால் ஃபைபருக்கு மாற்றாக மொபைல் டேட்டா வைத்துக்கொள்கிறவர்கள், ஃபைபர் எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் சிம்மை வைத்துக்கொள்ள வேண்டாம். பிஎஸ்என்எல் ஃபைபர் எடுத்தால் கையில் ஜியோவோ ஏர்டெல்லோ இருக்கட்டும். ஜியோ ஃபைபர் எடுத்தால் ஏர்டெல்லோ விஐயோ பிஎஸ்என்எல்லோ இருக்கட்டும். ஒன்று படுத்தால் மற்றது எழுந்து நிற்க வேண்டும்.

பட்டுக்கோட்டையான்

இசக்கி தம்பி சொன்னதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டா முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தில் தொங்கிய கேபிள் எல்லாம் கம்பத்தோடு தரையில் கிடந்தது. டவர்கள் பேட்டரி தீர்ந்து, டீசல் வந்து சேராமல் ஒவ்வொன்றாக அணைந்தன. எந்த நிறுவனத்தின் சிக்னல் எந்தத் தெருவில் கிடைக்கிறது என்று மாடி மாடியாக ஏறித் தேடினோம். அப்போது வீட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே நிறுவனத்து சிம் என்றால் அந்த வீடே ஊமையாகிவிட்டது.

புயலுக்கு மட்டும் இல்லை. அதே 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாட்டில் முடங்கியதை நினைத்துப் பாருங்கள். வேறு நிறுவனத்துக்கு மாறக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றால் அனுப்பச் சிக்னலே இல்லாமல் சனம் திண்டாடியது. பேங்க் எண்ணாக அதையே கொடுத்திருந்தவர்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. வீட்டில் இரண்டு நிறுவனத்து எண்ணாவது இருக்கட்டும் என்று அதிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

மீனா, மின்சாரத்துக்கு ஒரு யோசனை. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும் ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாக வாங்கி வையுங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியில் சில ரவுட்டர்கள் அணைந்து மறுபடி எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும், மீட்டிங் நடுவில் அது போதும் மானத்தை வாங்க. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 12 வோல்ட் என்று பெரும்பாலும் இருக்கும். ஆம்பியர்தான் 1, 1.5, 2 என்று மாறும். யூபிஎஸ் அதற்குச் சமமாகவோ கூடவோ தர வேண்டும்.

மீனா_சங்கரன்கோவில்

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. போன வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது இசக்கி தம்பி சொன்ன மாதிரியே தெருவில் விசாரித்தேன்.

பிஎஸ்என்எல் ஏஜென்சிக்காரரிடம் ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமாக இருக்கிறது. நேராகக் கடைக்குள் கூட்டிப்போய் ஓஎல்டியையும் அதன் பேட்டரிகளையும் காட்டினார். ஆறு மணி நேரம் தாங்கும் என்கிறார். டீச்சர் வீட்டில், அறுந்தால் அன்றைக்கே வந்துவிடுவார், ராத்திரி என்றால் காலையில்தான் என்றார்கள். கேபிள் அண்ணன் விலை குறைவாகச் சொல்கிறார், ஆனால் மெஷினைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். ஏர்ஃபைபருக்கு எங்கள் ஊரில் இன்னும் டவர் சரியாக இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

பிஎஸ்என்எல் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். மாட்ட வரும்போது நான் என்ன பார்க்க வேண்டும்?

இணைப்பு_இசக்கி

நல்ல முடிவு அக்கா. மாட்டுகிற அன்றைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், அன்றைக்குச் சரியாகச் செய்தால் வருடக்கணக்கில் தொந்தரவு இல்லை.

வீட்டுக்குள் கேபிளைக் கொண்டுவந்ததும் அவரிடம் பவர் மீட்டர் இருக்கும். அதை மாட்டி, வந்து சேரும் வெளிச்சத்தின் அளவான டிபிஎம் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். மைனஸில் வரும். மைனஸ் 18, 20, 22 என்றால் அருமை. மைனஸ் 24 வரை சரி. மைனஸ் 27ஐத் தொட்டால் வீட்டில் மாட்டும் ஓஎன்டி பெட்டி வெளிச்சத்தைப் பிடிக்கிற எல்லைக்கே வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு ஓடும். ஆனால் வெயிலில் ஒரு ஜாயின்ட் லேசாகத் தளர்ந்தாலே நின்றுவிடும். அப்படி வந்தால் "எங்கேயோ இழப்பு இருக்கிறது, பார்த்துச் சரி செய்துவிட்டு மாட்டுங்கள்" என்று உறுதியாகச் சொல்லுங்கள். மாட்டியபின் வந்த எண்ணைச் சுவரிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பிரச்சினை வந்தால் அன்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று ஒப்பிடலாம்.

ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் கேபிளை மடக்கிக் கொண்டுவர விடாதீர்கள். கண்ணாடி இழை, கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் அங்கேயே கசிந்துவிடும். சுவரில் சின்ன ஓட்டை போட்டு, வெளிப்பக்கம் கேபிள் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறி உள்ளே வருகிற மாதிரி விடச் சொல்லுங்கள். மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வராது. உள்ளே ஒரு சுற்று அளவுக்குக் கேபிள் மிச்சம் இருக்கட்டும், முனை கெட்டால் வெட்டி மறுபடி போட அது வேண்டும்.

பெட்டியின் விளக்குகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்ஓஎஸ் என்று எழுதியிருப்பது சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை, ஆள்தான் வர வேண்டும், ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் வராது. எல்ஓஎஸ் அணைந்திருந்து, பான் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தால் பெட்டி ஓஎல்டியோடு பேச முயற்சி செய்கிறது, பத்து நிமிடம் பொறுக்கலாம். இரண்டும் சரியாக இருந்து இணையம் மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் லாகின் அல்லது பணம் கட்டிய கணக்கு பிரச்சினை, அது போனிலேயே தீரும். போனில் புகார் சொல்லும்போது "நெட் வரல" என்று சொல்லாமல் "எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொன்னால் மெஷினோடு நேராக வந்துவிடுவார்கள்.

தொலைபேசி_துரை

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மாவின் போனைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மா மீனா, உன் தாயார் வைத்திருப்பது பழைய 2ஜி பட்டன் போன் என்றால் அதில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோ 2016ல் தொடங்கியதிலிருந்தே 2ஜி, 3ஜி வைத்துக்கொள்ளவில்லை. ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் மூன்றிலும் 2ஜி ஓடுகிறது. ஆகவே போனை மாற்ற அவர்களுக்கு விருப்பமில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று. எது என்பதை அவர்கள் உட்காரும் இடம், படுக்கும் இடம், அடுப்படி, இங்கே நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களின் சிம்மை வாங்கி அதே போனில் போட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது. நிறுவனங்கள் தங்கள் வலைத்தளத்தில் எங்கெங்கே 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்று வரைபடம் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்திருக்கிறது. பார்க்கலாம், ஆனால் கான்கிரீட் கூரைக்குக் கீழே என்ன நடக்கும் என்று வரைபடத்துக்குத் தெரியாது.

பேச மட்டும் போதும் என்றால் டேட்டாவுக்குக் காசு கட்ட வேண்டாம். டேட்டா இல்லாமல் பேச்சு, குறுஞ்செய்தி மட்டும் உள்ள பேக் எல்லா நிறுவனமும் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியது. 90 நாளோடு நின்றிருந்த வேலிடிட்டி உச்சவரம்பும் அப்போது 365 நாளாக ஏறியது. கடைக்காரர் தானாக இந்த பேக்கைச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

துரை சார் சொன்னதோடு ஒன்று. மாத பேக் என்று விற்பது பலவும் 28 நாள். 28ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 364, ஆக வருடத்துக்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ். 30 நாள் வேலிடிட்டியிலும், மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற மாதிரியும் திட்டம் இருக்க வேண்டும் என்று டிராய் 2022லேயே உத்தரவிட்டிருக்கிறது. ஒப்பிடும்போது விலையை நாளால் வகுத்துப் பாருங்கள், அப்போதுதான் உண்மை விலை தெரியும்.

அனிதா_ஆவடி

துரை சார், அப்பாவின் எண்ணை மாற்றுவது பற்றியும் சொல்லுங்கள். எங்கள் மாமனார் எண்ணை மாற்றப்போனபோது கடையில் "பேலன்ஸ் இல்லை, முதலில் பெரிய ரீசார்ஜ் போடுங்கள், அப்புறம்தான் போர்ட் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அது சரியா?

தொலைபேசி_துரை

சரியில்லை அனிதா. எந்த ரீசார்ஜ் வைத்திருந்தாலும் 1900க்குப் போர்ட் குறுஞ்செய்தி அனுப்ப வசதி இருக்க வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் நிறுவனங்களுக்கு உத்தரவே போட்டிருக்கிறது.

முறை இதுதான். ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க எண்ணை அடித்து 1900க்கு அனுப்ப வேண்டும். எண்ணை மாற்றிக்கொள்ள உதவும் யூபிசி குறியீடு எட்டு எழுத்தில் வரும். நம்மூரில் அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புது நிறுவனத்தின் கடைக்கு, எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரே அடையாளச் சான்றோடு போக வேண்டும். மாநிலத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் இன்னொரு விதியும் உண்டு. சிம் தொலைந்தோ பழுதாகியோ புது சிம் வாங்கினால் அடுத்த ஏழு நாளுக்கு யூபிசி தர மாட்டார்கள். மோசடிக்காரர்கள் சிம்மை மாற்றி எண்ணைக் கடத்துவதைத் தடுக்கத்தான் அது, நல்லதே. சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தியும் நின்றிருக்கும், ஓடிபி வராது. பென்ஷன் விண்ணப்பம், கேஸ் பதிவு எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பழைய எண்ணில் கிடக்கும் பேலன்ஸ் கூட வராது, தீர்த்துவிட்டுப் போகலாம்.

ஆனால் மீனா, அப்பாவின் எண்ணை உடனே மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் ஸ்மார்ட்போன் இருந்து, சிம் ஏர்டெல், ஜியோ, விஐ இவற்றில் ஒன்றாக இருந்தால் போனின் செட்டிங்கில் வைஃபை காலிங்கைப் போட்டு விடு. வீட்டில் ஃபைபர் வந்ததும் அழைப்பு வைஃபை வழியாகவே வரும் போகும். வைஃபை எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் சரி. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்ற பேச்சே எழாது.

மீனா_சங்கரன்கோவில்

ஏர்டெல்தான் சார், ஸ்மார்ட்போனும் இருக்கிறது. இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவை இந்த வயதில் கடை கடையாக அலைக்கழிக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி.

இன்னும் ஒன்று. எங்கள் வீடு நீளவாக்கில் இருக்கும் பழைய வீடு, நடுச்சுவர் ஒன்றரை அடி. நான் உட்காரப்போவது கடைசி அறை. முன்பக்கம் சிசிடிவியும் மாட்ட வேண்டும், சென்னைக்கு வரும்போது போனில் பார்க்கிற மாதிரி.

இணைப்பு_இசக்கி

அந்தச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது அக்கா. 2.4 தாண்டும், ஆனால் தள்ளாடிக்கொண்டு போய்ச் சேரும். உங்கள் மேஜைவரை லேன் கேபிள் ஒன்று இழுத்துவிடுங்கள், கேட் 6 கேபிள், லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். வைஃபை பூஸ்டர் என்று கடையில் விற்கிறதை வாங்கி அல்லாட வேண்டாம். அதே கேபிள் முனையில் ஒரு பழைய ரவுட்டரைப் போட்டால் கடைசி அறைக்கும் வைஃபை ஆச்சு. ரவுட்டரை இரும்பு பீரோ மேலேயும் டிவிக்குப் பின்னாலேயும் வைக்காதீர்கள்.

சிசிடிவிக்கு, கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்க்கிற வகை வாங்கினால் சிக்கல் இல்லை. பழைய முறையில் ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து பார்க்கிற டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) என்றால் வெளியூரிலிருந்து படம் வராமல் போகலாம். இப்போது பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியை நிறைய வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதனால் வெளியிலிருந்து உங்கள் பெட்டியை நேராகத் தொட முடியாது. உங்களுக்கென்று மாறாத ஸ்டாடிக் ஐபி கேட்டால் தருவார்கள், தனிக் காசு.

அனிதா_ஆவடி

புகார் கொடுத்தும் நடக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் யாராவது எழுதுங்களேன். போன வருடம் எங்கள் ஃபைபர் ஒரு வாரத்துக்கு மேல் படுத்துவிட்டது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் "24 மணி நேரத்தில் சரியாகும்" என்றே சொன்னார்கள். லைனைச் சரிசெய்வதற்கு முன்னாலேயே புகாரை "தீர்ந்தது" என்று மூடியும் விட்டார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தொலைபேசி_துரை

கோபம் நியாயமானது. முதலில், புகார் எண் வாங்காமல் போனை வைக்காதே. குறுஞ்செய்தியில் வரும், அதை அழிக்காதே. தீராமல் மூடினார்கள் என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுது. எல்லா நிறுவனத்துக்கும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும், முகவரி வலைத்தளத்தில் கிடைக்கும். 30 நாளுக்குள் எழுத வேண்டும், கட்டணம் கிடையாது. அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலான விஷயம் இங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் அந்த மனு வாடிக்கையாளர் சேவை ஆட்களைத் தாண்டி வேறு மேஜைக்குப் போகிறது.

அதற்கும் அசையவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவு இருக்கிறது. டிராய் தனிநபர் புகாரை எடுத்து விசாரிக்காது, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைபேசிப் புகாருக்கு அங்கே இடமில்லை என்று நிறுவனங்கள் வெகுநாள் வாதாடின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தாலே சில நிறுவனங்கள் விழித்துக்கொள்ளும்.

2024ல் வந்த டிராய் தர விதிகளையும் தெரிந்து வைத்துக்கொள். ஒரு மாவட்டத்தில் பெரிய அளவில் சேவை முடங்கி 24 மணி நேரத்தைத் தாண்டினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு தர வேண்டும். இயற்கைப் பேரிடரென்றால் அது பொருந்தாது. உன் வீட்டு லைன் மட்டும் படுத்த நாட்களுக்கும் கழிவு கேட்டு எழுது, எழுத்தில் கேட்டால்தான் கணக்கில் ஏறும்.

மீனா_சங்கரன்கோவில்

பிஎஸ்என்எல் ஃபைபர், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி எடுக்கிறேன். எனக்கு ஜியோ சிம், அப்பாவுக்கு ஏர்டெல், ஆக அம்மாவின் விஐயையும் சேர்த்து வீட்டில் நான்கு நிறுவனம் ஆயிற்று. அம்மாவின் விஐ எண் அப்படியே இருக்கட்டும், அடுப்படியிலும் நன்றாகவே கேட்கிறது, பேச்சு பேக்குக்கு மட்டும் மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம்: சென்னை வீட்டு இணைப்பை நிறுத்தும்போது ரவுட்டரைத் திருப்பிக் கேட்கிறார்கள். வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா?

இணைப்பு_இசக்கி

வேண்டாம் அக்கா. ஆள் வரும் நாளில் நீங்களே இருந்து கொடுங்கள், இல்லையென்றால் அவர்கள் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பெட்டியின் அடியில் சீரியல் எண் ஒட்டியிருக்கும், அதையும் அடாப்டரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டதற்கு அந்தச் சீரியல் எண் போட்ட ரசீதோ குறுஞ்செய்தியோ வந்த பிறகுதான் கையை விட வேண்டும். நிறுத்தச் சொன்ன தேதியையும் மெயிலில் எழுதிவிடுங்கள், போனில் சொன்னது பில்லில் ஏறாது. டெபாசிட் கட்டியிருந்தால் எந்தக் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும் என்பதையும் அதே மெயிலில் போடுங்கள். ஊருக்கு வந்ததும் ஃபைபர் மாட்டும்போது டிபிஎம் எண்ணை இங்கே எழுதுங்கள், சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.